தெகெ-புலாக் சரிவில் உல்கான் கட்டிய துணி

யார் எதைக் கொடுத்தாலும் உல்கான் முதலில் மோந்து பார்ப்பாள். கடையில் வாங்கிய மாவு, பக்கத்துக் கூடாரத்திலிருந்து வந்த குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பால், மகன் நகரத்திலிருந்து கொண்டுவந்த சோப்பு, எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். நாளைக்கு மழை இல்லை என்று வானொலி சொன்னால் உடனே போய் வறட்டிக் குவியலை மூடி வைப்பாள். "சொல்றவன் எதுக்குச் சொல்றான்? அவனுக்கு அதுல என்ன கெடைக்குது?" என்பதுதான் அவள் வாயில் எப்போதும் நிற்கும் கேள்வி. மருமகள் மைராமைப் பெண் பார்க்கப் போனபோது, காட்டிய பெண்ணையே அனுப்புவார்களா, மாற்றி அனுப்பிவிடுவார்களா என்று யோசித்து, அந்தப் பெண்ணின் காதோரத்து மச்சத்தை மனதில் குறித்துக்கொண்டு வந்தவள் அவள். கல்யாணத்தன்று முக்காட்டை விலக்கி மச்சம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் முத்தம் கொடுத்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் இதைச் சொல்லிச் சிரிக்காத வீடு கிடையாது.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவளுக்குச் சந்தேகம் சும்மா வரவில்லை. அரசுப் பண்ணை இருந்த காலத்தில் அவளுடைய கணவன் ஜுமாஷ் அங்கே மேய்ப்பன். ஒருநாள் கண்ணாடி போட்ட விஞ்ஞானி ஒருவர் வந்தார். உங்கள் கொழுப்புவால் ஆடுகளால் பிரயோசனம் இல்லை, மெல்லிய கம்பளி ஆடு கொண்டுவந்திருக்கிறேன், குட்டி ஈனுவதைக் கொஞ்சம் முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அழகாகப் பேசினார். ஜுமாஷின் தோளில் கைபோட்டுப் படம்கூட எடுத்துக்கொண்டார். குட்டிகள் பிறந்த வாரத்தில் பனி கொட்டியது. கூடாரத்துக்குள் அடுப்பைச் சுற்றிக் குட்டிகளை அடுக்கி, தன் பாவாடைக்குள் இரண்டைக் கட்டிக்கொண்டு உல்கான் உட்கார்ந்திருந்தாள். அந்த இரண்டும் அவள் மடியிலேயே செத்தன. விஞ்ஞானி எழுதிக்கொடுத்ததெல்லாம் சரியாகத்தான் இருந்ததாம், மேய்ப்பன்தான் கவனிக்கவில்லையாம். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் ஜுமாஷ் தலைகுனிந்து நின்றான். அதை அவள் கடைசிவரை மன்னிக்கவே இல்லை.

பண்ணை கலைந்தது. ஆடுகளைப் பங்கு போட்டார்கள். கோடையில் மேய்க்க ஆளுக்கொரு சரிவு என்று வந்தபோது ஜுமாஷ் தெகெ-புலாக் ஊற்றடியைக் கேட்டு வாங்கினான். பெரிய இடம் இல்லை. ஆனால் கோடை முடிகிற சமயத்தில் மற்ற சரிவெல்லாம் காய்ந்து மஞ்சளாகக் கிடக்கும்போது, ஊற்றுக்குக் கீழே அந்த ஒரு துண்டில் மட்டும் பச்சை இருக்கும். கடைசியாக அங்கே மேய்ந்துவிட்டு இறங்கினால்தான் ஆடுகளின் வாலில் கொழுப்பு ஏறும். கொழுப்பு ஏறாத ஆடு பனிக்காலத்தைத் தாண்டாது, முன்னாடியே கசாப்புக்குத்தான் போக வேண்டும். ஜுமாஷ் இறந்த பிறகு உல்கானும் மகன் எர்மெக்கும் மைராமும் பிழைத்தது அந்தத் துண்டுப் பச்சையை நம்பித்தான். மந்தை இல்லை என்றால் எர்மெக்குக்கு இங்கே வேலை இல்லை, ரஷ்யாவுக்குப் போய்ச் செங்கல் தூக்க வேண்டியதுதான். ஊரில் பாதி வீட்டில் அப்படித்தான், ஆம்பளைகளின் குரல் தொலைபேசியில் மட்டும் கேட்கும்.

பக்கத்துப் பள்ளத்தாக்கின் கதை வேறு அவளுக்குத் தெரியும். தங்கம் தேடுகிறோம் என்று ஆட்கள் வந்து முதலில் குச்சி நட்டார்கள். குச்சிக்குப் பின்னால் கம்பி வந்தது. கம்பிக்குப் பின்னால் ஒரு காவல்காரனும் நாயும் வந்தார்கள். அதற்கப்புறம் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் சரிவைத் தூரத்திலிருந்துதான் பார்த்துக்கொண்டார்கள்.

அதனால்தான், மாவட்டத் தலைநகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து சாம்பல் நிற வேன் ஒன்று ஏறிவந்து நின்று, அதற்குள்ளிருந்து ஒரு கட்டுக் குச்சி இறங்கியதைப் பார்த்தபோது, உல்கானுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

வந்தவள் பெர்மெத் என்ற பெண். முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும், வெயிலில் கறுத்த முகம், சேறு அப்பிய பூட்ஸ். கூடவே இரண்டு மாணவிகள். தேயிலையும் மிட்டாயும் கொண்டுவந்திருந்தார்கள். உல்கான் மிட்டாயை மோந்து பார்த்து ஓரமாக வைத்தாள். மைராம் போர்சோக் ரொட்டித் துண்டுகளை விரிப்பில் கொட்டினாள். உல்கான் தேநீர் ஊற்றினாள், கிண்ணம் விளிம்பு தொட.

எங்களிடம் விருந்தாளிக்குக் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம்தான் ஊற்றுவோம். மறுபடி மறுபடி வாங்கிக் குடித்துக்கொண்டு ஆற அமர உட்கார வேண்டும் என்பதற்காக. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று பொருள்.

பெர்மெத் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "அபா, நானும் மலைக்காரிதான். மேலக் கணவாய்க்கு அந்தாண்ட பொறந்தவ. கெளம்புன்னு சொல்றீங்க, புரியுது. ஆனா சூடா இருக்கே, ஆர்ற வரைக்கும் பேசலாமில்ல?"

அபா என்றுதான் சின்னவர்கள் எல்லோரும் உல்கானைக் கூப்பிடுவார்கள், மகனும் மருமகளும்கூட. உல்கான் தேநீர்க் கெட்டிலை ஓரமாக வைத்தாள். "பேசு. பேச்சுக்கு நாங்க ஒண்ணும் வேலி போடல."

"நேரா சொல்லிடறேன். ஊத்தடிச் சரிவு தேஞ்சுபோச்சு அபா. குளம்பு பட்டுப் பட்டு மண்ணு இறுகிப்போச்சு. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இருந்த புல்லு இப்போ இருக்கா, நீங்களே சொல்லுங்க."

இல்லைதான். உல்கானுக்குத் தெரியும்.

"ரெண்டு கோடைக்கு அங்க எந்த ஆடும் எறங்கக் கூடாது. நாங்க வெத தூவறோம், புல்லை அளந்துக்கிட்டே வர்றோம். அதுவரைக்கும் உங்க ஆட்டுக்கு ஆத்துக்கு அந்தப் பக்கச் சரிவு. மேய்ச்சல் கமிட்டி சம்மதிச்சாச்சு. ரெண்டு கோடை முடிஞ்சதும் குச்சியைப் புடுங்கி உங்ககிட்டயே குடுத்துடுவோம்."

"உனக்கு இதுல என்ன லாபம்?"

"எனக்கா?" பெர்மெத் ஒரு போர்சோக்கை ஒடித்தாள். "பல்கலைக்கழகம் பட்டம் மட்டும் குடுத்துக்கிட்டு இருந்தா என்ன ஆகுது அபா? படிச்ச புள்ளைங்க பட்டத்தை வாங்கிட்டு அடுத்த பஸ்ஸுல ஓடிப்போகுது. இந்தச் சீமையில புல்லு இருந்தா ஆடு இருக்கும், ஆடு இருந்தா ஆளு இருக்கும். ஆளே இல்லாத ஊர்ல பல்கலைக்கழகத்தைக் கட்டி வச்சு நாங்க யாருக்குப் பாடம் நடத்துறது?"

"நல்லா பேசற," என்றாள் உல்கான். "முன்னாடி ஒருத்தர் வந்தாரு. அவரும் நல்லா பேசினாரு."

"கம்பி போட மாட்டோம் அபா. குதிரைக் காலைக் கிழிக்கும். குச்சி மட்டும்தான். தூரத்துலேர்ந்து தெரியறதுக்கு ஒவ்வொண்ணுலயும் ஒரு துணி."

பெர்மெத் அந்த நிறைந்த கிண்ணத்தைச் சொட்டு மிச்சமில்லாமல் குடித்துவிட்டு, சாப்பிட்டு முடித்தால் செய்வதுபோல முகத்தைக் கையால் தடவி, நன்றி வேண்டுதலாக ஓமின் சொல்லி எழுந்தாள். மாலைக்குள் சரிவைச் சுற்றிக் குச்சிகள் நின்றன, சிவப்பும் வெள்ளையுமாகத் துணிகள் காற்றில் படபடத்தன. வேன் இறங்கிப் போனதும் உல்கான் மகனைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னைக்குத் துணி. நாளைக்குக் கம்பி. நாளன்னைக்கு நாய்."

"அந்தம்மா கம்பி இல்லன்னு சொல்லுதே அபா."

"அதான்டா சொல்றேன். நான் கேக்கவே இல்ல. கேக்காமலே எதுக்கு இல்லன்னு சொல்றா?"

எர்மெக் ஆடுகளை அடைக்கப் போய்விட்டான்.

நான்கைந்து நாள் அவள் கண்கொத்திப் பாம்பாக அந்தக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டே பால் கறந்தாள், தயிர் கடைந்தாள். பிறகு ஒரு காலையில், துணி படபடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று தன்மேலேயே கோபம் வந்தது.

எங்கள் மலையில் துணி கட்டியிருக்கிற இடம் சும்மா இடம் இல்லை. ஊற்றோ, ஒற்றை மரமோ, பாறையோ, அங்கே யாரோ ஒரு பெரியவரின் சக்தி இருக்கிறது என்று நினைத்தால் மக்கள் தங்கள் துணியில் ஒரு கீற்றைக் கிழித்துக் கட்டிவிட்டு வேண்டிக்கொண்டு போவார்கள். அதுதான் மசார். மசாரில் ஒரு கல்லைக்கூட நகர்த்த மாட்டார்கள். கம்பி இழுப்பதாவது! எந்தக் கமிட்டிக்காரனுக்கும் கை நடுங்கும். ஊற்றடி மசார் என்று பேர் வந்துவிட்டால் பல்கலைக்கழகம் வாயை மூடிக்கொண்டு குச்சியைப் பிடுங்கி வேறு சரிவுக்குப் போகும். கூட்டம் நாலு நாள் வரும், நாலு நாள் பேசும், மறந்துபோகும். அப்புறம் புல்லும் ஊற்றும் பழையபடி தன் ஆடுகளுக்கு. இதுதான் அவள் போட்ட கணக்கு.

தன் பழைய வெள்ளைத் தலைத்துணியில் ஒரு கீற்றைக் கிழித்து, ஊற்றுக்கு மிக அருகில் இருந்த குச்சியில், பல்கலைக்கழகத்தின் சிவப்புத் துணிக்கு மேலே கட்டினாள். கீழே ஒரு தட்டைக் கல்லை வைத்து அதன்மேல் கொஞ்சம் ரொட்டி வைத்தாள். பிறகு நேராகப் பக்கத்துக் கூடாரத்துக்கு, பூபுஷிடம் போனாள். பூபுஷுக்கு வாய்தான் வேலை, மற்றதெல்லாம் பொழுதுபோக்கு.

"பூபுஷ், உங்கிட்ட மட்டும் சொல்றேன். கனவு ஒண்ணு வந்துச்சு. வெள்ளை ஒட்டகக்குட்டி. நம்ம ஊத்துல வந்து தண்ணி குடிக்குது. குடிச்சிட்டு என்னையே பாக்குது."

வெள்ளை ஒட்டகம் காட்சி கொடுத்த இடம் புனிதம் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பூபுஷின் கையிலிருந்த அகப்பை அந்தரத்தில் நின்றது. "வெள்ளை ஒட்டகமா! ஐயோ உல்கான், உடம்பெல்லாம் சிலிர்க்குதுடி!"

"யார்கிட்டயும் சொல்லிடாத."

"நானா? நான் ஏன் சொல்றேன்?" என்றாள் பூபுஷ். சொல்லும்போதே கண்கள் குதிரை எங்கே கட்டியிருக்கிறது என்று தேடின.

ஒரு வாரத்துக்குள் முதல் கார் வந்தது. அதற்கப்புறம் குதிரையில் வந்தார்கள், லாரியில் வந்தார்கள், முதுகுவலி வந்தவர்கள், பரீட்சை எழுதப் போகிறவர்கள், ரஷ்யாவில் இருக்கிற புருஷன் வேறு பெண்ணைக் கட்டிவிடக் கூடாது என்று வேண்டுகிறவர்கள். வேண்டுதல் துணி ஏறாத பல்கலைக்கழகக் குச்சி ஒன்றுகூட மிச்சமில்லை, எல்லாவற்றிலும் துணி மேல் துணி. வெள்ளை ஒட்டகம் இப்போது குட்டியாகவே இல்லை. வளர்ந்து, அதன்மேல் வெள்ளைத் தாடிக்காரர் ஒருவர் ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்தத் தாடிக்காரர் தன்னிடம் என்ன சொன்னார் என்பதை உல்கானே மற்றவர்கள் வாயால்தான் தெரிந்துகொண்டாள்.

சரி, நாலு நாள்தானே என்று பொறுத்தாள். கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம் ஆடுகளை மெதுவாக ஊற்றடிப் பக்கம் திருப்பினாள். முன்பின் தெரியாத கிழவர் ஒருவர் கோலை ஓங்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஏம்மா, உனக்கு அறிவிருக்கா? மசார்ல ஆட்டை விடறியே! இந்த எடத்துல ஒரு புண்ணியவதிக்கு வெள்ளை ஒட்டகம் காட்சி குடுத்திருக்கு, தெரியுமா?"

"தெரியும்," என்றாள் உல்கான். அந்தப் புண்ணியவதி பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகளைத் திருப்பி ஓட்டினாள். பல்கலைக்கழகம் இரண்டு கோடைக்குத்தான் கேட்டது. இவள் தன் கையாலேயே எப்போதைக்குமாக மூடிவிட்டாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போதுதான் புரிந்தது.

பெர்மெத் அடுத்த முறை வந்தபோது சரிவைப் பார்த்து வாய் பிளந்து நின்றாள். "இது பழைய எடமா அபா? யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே!"

"எனக்கென்ன தெரியும்? ஜனங்க சொல்லுது."

"நல்லதாப் போச்சு. யாரும் மேய்க்க மாட்டாங்க," என்று பெர்மெத் புல்லை அளக்கக் குனிந்தாள்.

உல்கானுக்கு ஒரு சந்தேகம் கிளம்பியது. குச்சியில் சுண்ணாம்பு அடித்திருக்கலாம், தகரம் தட்டியிருக்கலாம். துணி கட்டலாம் என்று யோசித்தது யார்? மலைக்காரிக்குத் துணி கட்டினால் என்ன ஆகும் என்று தெரியாதா? இவள் எல்லாம் தெரிந்தேதான் செய்திருக்கிறாள். துணியைக் கட்டிவைத்துவிட்டு, ஏமாந்த சோணகிரி ஒருத்தி வந்து மசார் ஆக்குவாள் என்று காத்திருந்திருக்கிறாள். இந்த எண்ணம் வந்த பிறகு உல்கானுக்குக் கொஞ்சம் நிம்மதிகூட ஆயிற்று.

அந்த இலையுதிர்காலத்தில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இறங்கிய ஆடுகளின் வால் சப்பையாக இருந்தது. பலவற்றைப் பனிக்கு முன்பே கசாப்புக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. "இன்னொரு வருஷம் இப்படிப் போச்சுன்னா நான் ரஷ்யாவுக்கு டிக்கெட் போட்டுடுவேன் அபா," என்றான் எர்மெக். அவன் கத்திச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அமைதியாகச் சொன்னான்.

இரண்டாவது கோடையில் ஊற்றடிப் புல் முழங்கால் உயரம் வந்தது. கலங்கியே கிடந்த ஊற்றுத் தண்ணீர் தெளிந்து, கீழே கூழாங்கல் தெரிந்தது. மனசாட்சியோடு சொல்ல வேண்டுமானால், ஜுமாஷ் முதன்முதலாக அவளை அங்கே கூட்டிவந்த வருஷத்துக்குப் பிறகு அப்படி ஒரு புல்லை அவள் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க ஆத்திரமாக வந்தது. ஆற்றைத் தாண்டி, வலிக்கிற முட்டியோடு, கல்லுக்கு நடுவே ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பச்சையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அதே கோடையில் வீட்டுக்குள்ளும் ஒரு சந்தேகம் முளைத்தது. மைராம் விடிகாலையில் காணாமல் போகிறாள். பால் கறக்கும் முன்னால் எங்கேயோ போய்விட்டு, பாவாடை ஓரம் நனைந்து திரும்புகிறாள். கேட்டால் தண்ணிக்குப் போனேன் என்கிறாள். குடம் காலியாக இருக்கிறது. கல்யாணமாகி ஆறு வருஷம், குழந்தை இல்லை. உல்கான் வாய்விட்டு ஒருநாளும் குத்திப் பேசியதில்லை. ஆனால் தொட்டில் கட்டும் வீட்டிலிருந்து திரும்பும்போதெல்லாம் அவள் விட்ட பெருமூச்சு மைராமின் காதில் விழாமல் இருந்திருக்காது. மேட்டில் ஏறினால்தான் தொலைபேசிக்கு அலை கிடைக்கும். அம்மா வீட்டுக்குப் பேசுகிறாளோ, கிளம்பிப் போகத் திட்டம் போடுகிறாளோ என்று உல்கானுக்கு உள்ளுக்குள் பதறியது.

போதாததற்கு, எர்மெக்கின் நீலக் கட்டம் போட்ட சட்டையின் கைமடிப்பு கத்தரியால் வெட்டியதுபோலக் காணாமல் போயிருந்தது.

"இது என்ன மைராம்?"

"எலி கடிச்சிருக்கும் அபா."

"எலி நேர்க்கோடா கடிக்குமா?"

மைராம் தலையைக் குனிந்துகொண்டாள். செய்வினைக்குத்தான் கட்டினவன் சட்டையில் துணி வெட்டுவார்கள் என்று உல்கான் கேள்விப்பட்டிருக்கிறாள். மருமகள் அப்படிப்பட்டவள் இல்லை என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் அன்று மைராம் ஊற்றிய தேநீரை மோந்து பார்த்துத்தான் குடித்தாள்.

கோடையின் கடைசியில் சாம்பல் வேன் வந்தது. குச்சி பிடுங்குவதாவது, இன்னும் இரண்டு வருஷம் கேட்பார்கள் பார் என்று எர்மெக்கிடம் அடித்துச் சொல்லியிருந்தாள் உல்கான். பெர்மெத் இறங்கி நேராக அவளிடம் வந்தாள்.

"வேலை முடிஞ்சுது அபா. சொன்ன மாதிரி குச்சியைப் புடுங்கிடறோம். சரிவு உங்களோடது. நாளைக்கே ஆட்டை எறக்குங்க. ஒரு பக்கம் மேயறப்போ இன்னொரு பக்கத்துக்கு ஓய்வு குடுத்து, முறை வச்சு மேய்க்கலாம்னு கமிட்டியிலயும் முடிவாயிருக்கு. இங்க வந்த புல்லைப் பாத்துட்டு இன்னும் மூணு ஊர்ல கேட்டிருக்காங்க."

உல்கான் அப்படியே நின்றாள். கம்பி இல்லை. நாய் இல்லை. சொன்ன பேச்சைச் சொன்னபடி காப்பாற்றிக்கொண்டு ஒருத்தி எதிரே நிற்கிறாள். இதற்கு என்ன முகம் காட்டுவது என்றே அவளுக்குத் தெரியவில்லை. எர்மெக் ஆடுகளை எண்ணவே ஆரம்பித்துவிட்டான்.

"மசார்னு ஜனங்க வர்றாங்களே?" என்று கேட்டாள் உல்கான்.

"குச்சி எங்களோடது. எடுத்துட்டா துணியும் போயிடும். அடுத்த கோடைக்குள்ள மறந்துடுவாங்க," என்றாள் பெர்மெத்.

போன கோடையில் உல்கான் போட்ட கணக்கு அச்சு அசலாக அதேதான். இப்போது பலிக்கப் போகிறது!

மாணவிகள் முதல் குச்சியை ஆட்டிப் பிடுங்கினார்கள். கூடாரத்துப் பக்கம் பால் வாளி உருளும் சத்தம் கேட்டது. மைராம் ஓடிவந்தாள். தலைத்துணி நழுவியது தெரியாமல், பாவாடையெல்லாம் பாலாக, ஊற்றுப் பக்கத்துக் குச்சியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"புடுங்காதீங்க! அபா, சொல்லுங்க அபா! இதைப் புடுங்கக் கூடாதுன்னு சொல்லுங்க! உங்களுக்குத்தானே காட்சி கெடைச்சுது?"

அவளுடைய விரல்களுக்கு நடுவே நீலக் கட்டம் தெரிந்தது. எர்மெக்கின் சட்டைக் கைமடிப்பு. அதோடு சேர்த்து, மைராமின் கல்யாணத் தலைத்துணியிலிருந்து கிழித்த கீற்று ஒன்றை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். விடிகாலை, நனைந்த பாவாடை, காலிக் குடம், எல்லாம் உல்கானுக்கு ஒரே நொடியில் விளங்கின. செய்வினை என்று நினைத்தோமே, தேநீரை மோந்து பார்த்தோமே என்று வெட்கம் பிடுங்கித் தின்றது.

பெர்மெத் மாணவிகளைக் கையமர்த்தினாள். மைராமையும் உல்கானையும் மாறி மாறிப் பார்த்தாள். "அபா, நீங்கதான் சொல்லணும். இது நெசமாவே பழைய மசாரா இருந்தா நாங்க தொடக் கூடாது. குச்சி இருக்கட்டும், இங்க இனிமே யாரும் மேய்க்கக் கூடாதுன்னு கமிட்டியிலயும் சொல்லிடறேன். இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க, இப்பவே சரிவு உங்க கையில."

எர்மெக் முன்னால் வந்தான். "மசாராவது ஒண்ணாவது! எங்கப்பா காலத்துல இங்க ஒரு..."

"நீ சும்மா இருடா!"

அவன் திகைத்துத் திரும்பினான். அப்போதுதான் அவன் கண் மைராமின் கையில் இருந்த நீலக் கட்டத்தில் பட்டது. ஓர் அடி பின்வாங்கினான்.

முழங்கால் உயரப் புல் காற்றில் சாய்ந்தது. ஆடுகள் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தின. ஒரே ஒரு வார்த்தை. துணியைக் கட்டினது நான், கனவும் இல்லை, ஒட்டகமும் இல்லை என்று சொன்னால் போதும். மந்தை தப்பும், மகன் இங்கேயே இருப்பான். மைராம் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சந்தேகம் என்பதே இல்லாத பார்வை. தன்னை அப்படி யாரும் நம்பிப் பார்த்து உல்கானுக்குப் பழக்கமில்லை.

"பழசு," என்றாள் உல்கான். "ரொம்பப் பழசு. எம் மாமனாரோட அப்பா காலத்துலேர்ந்து இருக்கு. தொடாதீங்க."

மைராம் குச்சியிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பெர்மெத் உல்கானை ஏறிட்டுப் பார்த்தாள். கணவாய்க்கு அந்தாண்ட பிறந்தவளுக்கு எத்தனை புரிந்ததோ தெரியாது. "சரி அபா," என்று மட்டும் சொல்லிவிட்டு, பிடுங்கிய முதல் குச்சியைப் பழைய குழியிலேயே நட்டு, மண்ணை மிதித்து இறுக்கினாள்.

அன்று தேநீர் ஊற்றியபோது உல்கான் பெர்மெத்தின் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்தான் ஊற்றினாள். பெர்மெத் அதைப் பார்த்தாள், மறுபடி மறுபடி நீட்டி வாங்கிக் குடித்தாள். கிளம்புகிற நேரத்தில்தான் பேச்சை எடுத்தாள்.

"ஆத்துக்கு அந்தப் பக்கச் சரிவுல பாதியை அடுத்த கோடையிலேர்ந்து எடுத்துக்கறோம் அபா. வெத தூவி, ஓய்வு குடுத்து. மறு பாதியில நீங்க மேய்ங்க. இங்க மாதிரி சீக்கிரம் வராது, கல்லு நெலம். மூணு நாலு வருஷம் ஆகும். வரும்."

"வருமோ வராதோ, உன் பேச்சை எப்படி நம்பறது?" என்றாள் உல்கான். சொல்லிவிட்டு எர்மெக்கைப் பார்த்தாள். அவன் விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரஷ்யாவைப் பற்றி அன்று அவன் எதுவும் சொல்லவில்லை. "நடறதுன்னா நடு. ஆனா ஒண்ணு."

"சொல்லுங்க அபா."

"குச்சியில துணி மட்டும் கட்டாத. சுண்ணாம்பு அடி."

பெர்மெத் சிரித்த சிரிப்பில் கிண்ணத்துத் தேநீர் சிந்தியது. உல்கான் சிரிக்கவில்லை. சுண்ணாம்புக்கும் ஏதாவது விவகாரம் இருக்குமோ என்று அவள் அப்போதே யோசிக்கத் தொடங்கியிருந்தாள்.

வேன் இறங்கிப் போன பிறகு மைராம் மாமியாரின் கையைப் பிடித்து ஊற்றடிக்குக் கூட்டிப்போனாள். துணிகளுக்கு நடுவே தேடி, வெயிலில் வெளுத்து நைந்துபோன அந்த முதல் வெள்ளைக் கீற்றைத் தொட்டாள்.

"இது உங்க தலைத்துணிதானே அபா? அப்பவே கண்டுபுடிச்சிட்டேன். நீங்க எதுக்கு வேண்டிக்கிட்டீங்க?"

வாழ்க்கையில் எத்தனையோ பேரிடம் உண்மையைச் சொல்லாமல் தப்பித்தவள், அன்று ஏனோ அந்தப் பெண்ணிடம் தப்பிக்கத் தோன்றாமல் சொல்லிவிட்டாள். "அந்தப் பல்கலைக்கழகத்துக்காரங்க இந்தச் சரிவை விட்டுப் போயிடணும்னு."

மைராமின் கண்கள் விரிந்தன. கீழே வளைவில் இறங்கிக்கொண்டிருந்த வேனைப் பார்த்தாள். பிறகு மாமியாரின் கையை இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொண்டாள்.

"போயிட்டாங்களே அபா! பலிச்சிடுச்சே!"

உல்கான் மருமகளின் நழுவிய தலைத்துணியை எடுத்துச் சரியாகக் கட்டிவிட்டாள். பிறகு ஆடுகளைத் திருப்ப ஆற்றுக்கு அந்தப் பக்கம் நடந்தாள்.